ரெண்டாவது வேணாம்னு மனைவி சொல்றாங்க, எப்படி சம்மதிக்க வைக்கறது?

கேள்வி:

மேடம், எனக்கு 36 வயசு, ஒரகடம் பக்கத்துல ஒரு கொரியன் கம்பெனில ப்ரொடக்‌ஷன் சூப்பர்வைசர். மனைவிக்கு 33, தாம்பரத்துல ஒரு தனியார் பேங்க்ல வேலை. பையனுக்கு அஞ்சு வயசு, யூகேஜி, சிசேரியன்ல பொறந்தவன். இன்னொரு குழந்தை வேணும்னு எனக்கு ஆசை. ஊர்ல இருந்து அம்மா ஃபோன் பண்ணும்போதெல்லாம் அதையே தான் கேக்கறாங்க, பெத்து எங்கிட்ட விட்டுடுங்க நான் வளர்க்கறேன்னு கூட சொல்றாங்க. மனைவி முடியவே முடியாதுங்கறா. காசு பிரச்சனை இல்ல மேடம், ரெண்டு சம்பளம், சொந்த ஃப்ளாட். அவ ஆறரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுவா, நான் வர எட்டு ஆயிடும், வந்து கொஞ்சம் ரெஸ்ட் எடுப்பேன், சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. எங்க பாட்டி ஏழு பிள்ளை வளர்த்தாங்க, அவங்களுக்கு என்ன பேங்க் வேலையா ஃப்ளாட்டா? எங்க கொரியன் மேனேஜருக்கு 47 வயசு, கல்யாணமே பண்ணிக்கல, "எங்க நாடு காலி, நீங்களாவது பெத்துக்கோங்க"ன்னு சிரிச்சிட்டே சொல்றார். தலைவருங்களே மேடைல பெத்துக்கச் சொல்றாங்க. அவ மனசை எப்படி மாத்தறது? நாமளும் கொரியா மாதிரி ஆயிடுவோமா?

பதில்:

தம்பி, வீட்டைப் பத்தி ஒரு கேள்வி, நாட்டைப் பத்தி ஒரு கேள்வின்னு ரெண்டு கேட்டிருக்கீங்க. நான் காலேஜ்ல மக்கள்தொகைப் பாடம் எடுத்துட்டு அப்புறம் குடும்ப ஆலோசனைக்கு வந்தவ, எனக்கு ரெண்டும் ஒரே கேள்வியா தான் தெரியுது. அதனால சேர்த்தே பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

மொதல்ல அந்த ஒரு வரி. அவங்க ஆறரைக்கு வந்துடுவாங்க, நீங்க எட்டுக்கு வருவீங்க, வந்து ரெஸ்ட் எடுப்பீங்க. ஆறரைல இருந்து எட்டு வரைக்கும் அந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு நீங்க எழுதல. எனக்கு ஓரளவு தெரியும், ஏன்னா வேலைக்குப் போற அம்மாக்கள் என் முன்னாடி உக்காந்ததும் மொதல்ல பேசறது இந்த நேரத்தைப் பத்தி தான். டே கேர்ல நேரம் தாண்டினா எக்ஸ்ட்ரா சார்ஜ், அதனால கவுண்டர்ல கஸ்டமர் நிக்கும்போதே ஒரு கண்ணு கடிகாரத்துல இருக்கும், அப்புறம் பையனைக் கூட்டிக்கிட்டு வரும்போது அவன் வண்டிலயே தூங்கி வழிவான், வீட்டுக்கு வந்து எழுப்பி பால் காய்ச்சிக் குடுத்து டிபன் பாக்ஸைத் திறந்தா காலைல வச்ச இட்லி அப்படியே இருக்கும், ஏன்டா சாப்பிடலன்னு கேட்டுக்கிட்டே ஸ்கூல் டைரியைப் பார்த்தா நாளைக்கு மஞ்சள் கலர் டிரஸ்ல வரணும்னு இருக்கும், மாவு இருக்கான்னு ஃப்ரிட்ஜைப் பார்த்து, மெஷின்ல துணியைப் போட்டு, பையனை எழுத உக்கார வைக்கும்போது பேங்க் குரூப்ல இன்னைக்கு இன்சூரன்ஸ் எத்தனை போட்டீங்கன்னு மேனேஜர் கேட்டிருப்பார். எட்டு மணிக்கு நீங்க உள்ள வரும்போது எல்லாம் அடங்கியிருக்கும். அதைப் பார்த்து தான் சண்டை சச்சரவு இல்லன்னு எழுதியிருக்கீங்கன்னு நினைக்கறேன்.

உங்களைக் குத்தம் சொல்ல இதை எழுதல. சூப்பர்வைசர்னா லைன் நின்னா நீங்களும் நிக்கணும், ஜெனரல் ஷிப்ட்ங்கறது பேருக்கு தான், அதுக்கு மேல வண்டலூர் வாலாஜாபாத் ரோட்டு ட்ராஃபிக். நீங்களும் களைச்சுப் போய் தான் வர்றீங்க. ஆனா 2019ல மத்திய அரசு நாடு முழுக்க ஒரு நேரப் பயன்பாட்டு சர்வே எடுத்தாங்க, யாரு எந்த நேரத்துல என்ன பண்றாங்கன்னு. அதுல சம்பளம் இல்லாத வீட்டு வேலைல கை வைக்கறவங்க பெண்கள்ல நூத்துக்கு 81, ஆண்கள்ல நூத்துக்கு 26. சரி, செய்யற ஆம்பளைங்களாவது எவ்ளோ நேரம் செய்யறாங்கன்னு பார்த்தா நாளுக்கு 97 நிமிஷம், செய்யற பெண்களுக்கு 299 நிமிஷம், கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். உங்க மனைவி பேங்க்ல ஒரு ஷிப்ட் முடிச்சுட்டு வந்து ரெண்டாவது ஷிப்ட் பார்க்கறாங்க, அதுக்கு ஓ.டி.யும் கிடையாது.

இப்போ உங்க பாட்டி. பாட்டி ஏழு பெத்தாங்க சரி, ஏழையும் வளர்த்தது பாட்டி மட்டும் தானா? அம்மாகிட்ட ஒண்ணு கேளுங்க, உங்க பெரிய அத்தை எத்தனாவது வரைக்கும் படிச்சாங்கன்னு. மூணாவதோ அஞ்சாவதோன்னு தான் பதில் வரும்னு நினைக்கறேன், ஏன்னா அந்தக் காலத்துல எந்தக் கிராமத்துல கேட்டாலும் மூத்த பொண்ணு கதை ஒண்ணு தான், இடுப்புல தம்பி, கைல தங்கச்சி, அம்மா களை எடுக்கப் போயிருப்பாங்க. எட்டு வயசுப் பையன் ஆடு மேய்ப்பான், பத்து வயசுல நாத்து தூக்குவான். ஒரு குழந்தைங்கறது அப்போ அஞ்சாறு வருஷம் சாப்பாடு போட்டா போதும், அதுக்கப்புறம் வீட்டுக்கு ரெண்டு கை கூடும். அதை மாத்தினது பள்ளிக்கூடம். ஜான் கால்டுவெல்னு ஒரு ஆஸ்திரேலியா மக்கள்தொகை அறிஞர் (நம்ம திருநெல்வேலி கால்டுவெல் வேற, இவர் வேற) 1976ல இதைத் தெளிவா எழுதினார், முன்னாடி பிள்ளைங்க கிட்ட இருந்து பெத்தவங்க பக்கம் வந்துக்கிட்டு இருந்த உழைப்பும் காசும் அந்தப் பக்கம் திரும்பிட்டா, ஜனங்க தானா பெத்துக்கறதைக் குறைச்சுடுவாங்கன்னு. நம்ம ஊர்ல காமராஜர் காலத்து மதிய உணவு, 1982ல எம்.ஜி.ஆரோட சத்துணவு, இதெல்லாம் பிள்ளைங்களை வயல்ல இருந்து வகுப்புக்கு கொண்டு வந்தது, ரொம்ப நல்லது. ஆனா அந்தப் பெரிய அத்தை பார்த்த வேலை எங்க போச்சு? எங்கயும் போகல, அப்படியே அம்மா தலைல வந்து உக்காந்துடுச்சு. இப்போ உங்க வீட்டுல அம்மாவுக்கு பேங்க் வேலையும் இருக்கு, பெரிய அத்தையும் கிடையாது.

தமிழ்நாட்டுக் கணக்கையும் சொல்லிடறேன். ஒரு பொண்ணுக்கு சராசரியா எத்தனை குழந்தைங்கற கணக்கு 1971ல 3.9 இருந்தது, 1993 வாக்குல 2.1க்கு வந்தது, 2020ல 1.4. இதுக்கு நம்ம ஊர்ல பெரிய சரித்திரமே இருக்கு. மத்தவங்க வறுமைக்காகவும் உடம்புக்காகவும் கர்ப்பத்தடை பேசினப்போ பெரியார் பெண்ணோட சுதந்திரத்துக்காக அதைப் பேசினார், அதுவும் 1930கள்லயே. 1950கள்ல மதராஸ் அரசாங்கம் கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கறவங்களுக்கு காசு குடுத்தது, இதுல ஒரு விஷயம் இப்போ யாருக்கும் ஞாபகம் இல்ல, அந்தக் காலத்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கள்ல பெரும்பாலானவங்க ஆம்பளைங்க! எமர்ஜென்சில வடக்க கட்டாயக் கருத்தடை நடந்து பேர் கெட்டுப் போனதுக்கு அப்புறம் அது அப்படியே பெண்கள் பக்கம் திரும்பிடுச்சு. 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல இந்தியா முழுக்க ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பெண்கள் நூத்துக்கு 38 பேர், ஆண்கள் ஆயிரத்துக்கு மூணு பேர். தமிழ்நாட்டுல பெண்கள் பாதிக்கு மேல. இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, ரெண்டாவது பெத்துக்கிட்டா அந்த சிசேரியனோட சேர்த்து ஆபரேஷனும் அவங்களுக்கே பண்ணிடலாம்னு டாக்டர் ரூம்ல ஒருத்தர் சொல்வாங்க, எல்லாரும் தலையாட்டுவாங்க. நீங்க அப்படி யோசிச்சிருக்க மாட்டீங்க, அவங்க யோசிச்சிருப்பாங்க.

குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம் போட்டு சுவத்துல எல்லாம் நாம் இருவர் நமக்கு இருவர்னு எழுதி, ரெண்டு பெத்தவங்க தான் விவரமான குடும்பம்ங்கற எண்ணம் ஒரு தலைமுறைல ஊறிடுச்சு. மூணாவதுன்னா பக்கத்து வீட்டுல சொல்லவே கூசின காலம் எனக்கு ஞாபகம் இருக்கு. இப்போ திருப்பி சொல்றாங்க. 2024 அக்டோபர்ல ஆந்திராவுல சந்திரபாபு நாயுடு நிறைய பெத்துக்கோங்கன்னு பேசினார், அதே மாசம் முதலமைச்சரா ஸ்டாலின் ஒரு கல்யாண மேடைல பதினாறு பெத்துக்கலாமேன்னு தொகுதி மறுவரையறையை வச்சு பேசினார், 2025 மார்ச்ல நாகப்பட்டினத்துல ஒரு கல்யாணத்துலயும் சீக்கிரம் பெத்துக்கோங்கன்னார். எம்.பி. எண்ணிக்கை குறையுமேங்கற கவலை நியாயமான கவலை தான், ஆனா அதுக்காக ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு எந்த எம்.பி.யும் டயப்பர் மாத்த வரமாட்டார். சிங்கப்பூர்ல இந்த நாடகம் முழுசா நடந்து முடிஞ்சாச்சு. 1970கள்ல ரெண்டோட நிறுத்துங்கன்னாங்க, ஜனங்க நிறுத்திட்டாங்க. 1987ல வசதி இருந்தா மூணு பெத்துக்கோங்க, அதுக்கு மேலயும் பெத்துக்கோங்கன்னு மாத்தினாங்க, வரிச் சலுகை, போனஸ்னு நிறைய குடுத்தாங்க. 2023ல அங்க ஒரு பொண்ணுக்கு சராசரியா 0.97 குழந்தை தான். குறைச்சுக்கச் சொன்னா கேட்ட ஜனம் கூட்டச் சொன்னா கேக்கல.

ஆனா நம்ம ஊர்ல இந்தக் குறைவு எந்த இடத்துல நடக்குதுன்னு பார்க்கணும். தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட எல்லாரும் கல்யாணம் பண்ணிக்கறாங்க. கல்யாணம் ஆகி மூணு மாசத்துல விசேஷம் எதுவும் இல்லையான்னு கேக்க ஆரம்பிச்சுடறாங்க, ஒரு வருஷம் தாண்டினா கோயில், ஜோசியர், அப்புறம் ஃபெர்டிலிட்டி சென்டர். முதல் குழந்தையை ஊரே சேர்ந்து பெத்துக்குது தம்பி, வளைகாப்புக்கு மண்டபம் பிடிக்கற அளவுக்கு. அதுக்கப்புறம் ஊர் கலைஞ்சு போயிடும். ரெண்டாவதுங்கறது அந்தப் பொண்ணு தனியா உக்காந்து போடற கணக்கு, அதுவும் முதல் அஞ்சு வருஷ அனுபவத்தைக் கைல வச்சுக்கிட்டு போடற கணக்கு. உங்க மனைவிக்கு குழந்தைன்னா பிடிக்காதுன்னு இதுக்கு அர்த்தம் கிடையாது. எத்தனை குழந்தை இருந்தா நல்லதுன்னு பொதுவா கேட்டுப் பாருங்க, நிறைய பேர் மாதிரி அவங்களும் ரெண்டுன்னே சொல்வாங்கன்னு நினைக்கறேன். இப்போ இருக்கற ஏற்பாட்டுல ரெண்டான்னு கேட்டா தான் முடியாதுங்கறாங்க.

காசு பிரச்சனை இல்லன்னு எழுதியிருக்கீங்களே, அவங்க வேலைல என்ன நடந்ததுன்னு கேட்டிருக்கீங்களா? 2017ல சட்டம் திருத்தி முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு குடுத்தாங்க, மூணாவதுன்னா 12 வாரம். பெரிய விஷயம், நான் குறை சொல்லல. ஆனா ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) வரம்புக்கு மேல சம்பளம் வாங்கறவங்களுக்கு அந்த 26 வாரச் சம்பளம் முழுசும் முதலாளி கைல இருந்து போகணும், அரசாங்கம் பங்கு போடறதில்ல. அப்பாவுக்கு தனியார் கம்பெனில லீவு குடுக்கணும்னு சட்டமே கிடையாது, மத்திய அரசு ஊழியர்னா 15 நாள். விளைவு என்ன, கல்யாணம் ஆன பொண்ணை வேலைக்கு எடுக்கும்போது அடுத்து என்ன ப்ளான்ம்மான்னு நைசா ஒரு கேள்வி, லீவு முடிஞ்சு வந்த வருஷம் அப்ரைசல்ல ஆவரேஜ், கூட சேர்ந்தவங்க மேல போயிடுவாங்க. இதையெல்லாம் எங்கிட்ட எத்தனையோ பேர் சொல்லியாச்சு. உங்களுக்குக் குழந்தை பொறந்தப்போ எத்தனை நாள் லீவு போட்டீங்கன்னு யாரும் அப்ரைசல்ல கேட்டிருக்க மாட்டாங்க. குடும்பஸ்தன் ஆயிட்டார், இனிமே பொறுப்பா இருப்பார்னு நல்ல பேர் கூட கிடைச்சிருக்கும்.

க்ளாடியா கோல்டின்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர், 2023ல நோபல் பரிசு வாங்கினவங்க. அவங்க காட்டினது ரொம்ப எளிமையான விஷயம். எப்போ கூப்பிட்டாலும் வர்றவனுக்கு, ராத்திரி பகல் பார்க்காதவனுக்கு, சில வேலைகள்ல சம்பளம் அளவுக்கு மீறி ஏறுது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அப்படி இருந்தா வீட்டுல ஆள் இருக்காது, அதனால ஒருத்தர் அந்த வேலையை எடுக்கறாங்க, இன்னொருத்தர் வீட்டுக்கு ஏத்த மாதிரி வளையற வேலைக்குப் போறாங்க. எந்த ஒருத்தர் வளையறாங்கன்னு சொல்லணுமா? டென்மார்க் மாதிரி பெண்கள் வேலைக்குப் போறது சாதாரணமா இருக்கற நாட்டுலயே முதல் குழந்தைக்கு அப்புறம் அம்மாவோட வருமானம் நீண்ட கால அளவுல கிட்டத்தட்ட 20 சதவீதம் பின்தங்கி நிக்குது, அப்பாவோடது அசையல.

உங்க கொரியன் மேனேஜருக்கு வருவோம். கொரியாவுல ஒரு பொண்ணுக்கு எத்தனை குழந்தைங்கற அதே கணக்கு 2023ல 0.72, உலகத்துலயே எந்த நாட்டுலயும் அவ்ளோ குறைவா இல்ல. 2024ல 0.75. 1960ல அங்க ஒரு அம்மாவுக்கு ஆறு குழந்தை இருந்தது. அங்கயும் அரசாங்கம் தான் முதல்ல ரெண்டு போதும்னது, 1980கள்ல ரெண்டே அதிகம்னு கூட பிரசாரம் பண்ணாங்க. ஆனா அவ்ளோ கீழ போனதுக்கு அது மட்டும் காரணம் இல்ல. அங்க பெண்கள் நல்லா படிச்சாங்க, ஆம்பளைங்களுக்கு சமமா, சில வயசுல அதிகமாவே. ஆபீஸ் மட்டும் பழைய ஆபீஸாவே இருந்தது. பாஸ் கிளம்பற வரைக்கும் சீட்ல இருக்கணும், அப்புறம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடவும் குடிக்கவும் போகணும், அதுவும் வேலைல சேர்த்தி. 2018ல சட்டம் போட்டு வாரத்துக்கு அதிகபட்சம் 68 மணி நேரம்ங்கறதை 52ஆ குறைச்சாங்க, 2023ல அரசாங்கம் அதை 69 வரைக்கும் தளர்த்தலாம்னு ஒரு யோசனை கொண்டு வந்து, இளவட்டங்க கொதிச்சுப் போய், பின்வாங்கிட்டாங்க. வாரம் 69 மணி நேரம் வேலையும் பாரு, பிள்ளையும் பெத்துக்கோன்னு ஒரே அரசாங்கம் ஒரே வாயால சொல்லிச்சு, அதுல இருக்கற வேடிக்கை அவங்களுக்கே புரியல போல.

அந்த ஆபீஸோட வீட்டுப் பழக்கத்தையும் சேர்த்துக்கோங்க. கல்யாணம்னா பொண்ணு மருமகளா புருஷன் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் சமையல் கட்டுல நிக்கணும். குழந்தை பொறந்தா அம்மா தான் வேலையை விடணும். குழந்தை பெத்துக்கணும்னா கல்யாணம் பண்ணியே ஆகணும், கல்யாணத்துக்கு வெளிய பொறக்கற குழந்தைங்க அங்க இப்போ கூட நூத்துக்கு அஞ்சாறு தான். அப்புறம் ட்யூஷன், 2023ல ஸ்கூல் பிள்ளைங்கள்ல நூத்துக்கு 78 பேர் தனியார் கோச்சிங் போறாங்க. கடைசியா கல்யாணம் பண்ணிக்கிட்டு அதுக்குள்ள போறதுக்கு பதிலா, வாசல்லயே நின்னுட்டாங்க. 1996ல நாலே கால் லட்சத்துக்கு மேல கல்யாணம் நடந்த நாட்டுல 2023ல ரெண்டு லட்சம் கூட இல்ல. உங்க மேனேஜர் சிரிச்சிட்டே சொல்ற விஷயத்துக்குப் பின்னாடி இவ்ளோ இருக்கு. அவரைக் கேட்டா வேலையே சரியா போச்சுன்னு தான் சொல்வார்.

நாமளும் அப்படி ஆயிடுவோமான்னு கேட்டீங்க. கொரியா 2000ல 1.48, அடுத்த வருஷம் 1.31. நாம இப்போ நிக்கற இடத்துல அவங்க இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி நின்னாங்க. ஆனா நம்ம ஊர்ல கல்யாணம் இன்னும் அப்படியே இருக்கு, கொரியாவுல கல்யாணம் நின்னது, இங்க ரெண்டாவது குழந்தை நிக்குது. அதனால அதே வழில அதே ஆழத்துக்குப் போவோம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இப்போ காலேஜ்ல படிக்கற பொண்ணுங்க தங்களோட அக்காக்களோட ஆறரை மணியைப் பார்த்துக்கிட்டு தான் இருக்காங்க, அவங்க எப்போ கல்யாணம் பண்ணிக்கறாங்க, பண்ணிக்கறாங்களான்னு பொறுத்துப் பார்க்கணும்.

சமூக வழக்கத்துக்கு எவ்ளோ பலம்னு தெரியணும்னா ஜப்பான் 1966. அவங்க ஜாதகக் கணக்குல அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை நெருப்புக் குதிரை வருஷம்னு வரும், அந்த வருஷம் பொறக்கற பொண்ணு புருஷனுக்கு ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை. நம்ம ஊர் மூல நட்சத்திரம் மாதிரி தான். தொழில்ல, ரயில்ல உலகமே வாய் பிளந்து பார்த்த நாடு, அந்த ஒரே வருஷம் பிறப்பு நாலுல ஒரு பங்கு குறைஞ்சு 2.14ல இருந்து 1.58க்கு விழுந்து, அடுத்த வருஷம் 2.23ன்னு எகிறிச்சு. சட்டம் இல்ல, அபராதம் இல்ல, நாளைக்கு என் பொண்ணை யாரு கட்டிப்பாங்கங்கற பயம் மட்டும் தான். அதே ஜப்பான்ல அப்பாக்களுக்கு குழந்தை வளர்க்க ஒரு வருஷம் வரைக்கும் லீவு சட்டத்துலயே இருக்கு, ரொம்ப வருஷம் யாரும் எடுக்கல, 2018ல நூத்துக்கு ஆறு பேர். லீவு கேட்டா டீம்ல என்ன நினைப்பாங்க, ப்ரமோஷன் போயிடுமோன்னு. கம்பெனியே ஒவ்வொரு அப்பாகிட்டயும் போய் லீவு வேணுமான்னு கேக்கணும்னு விதி வந்ததுக்கு அப்புறம் 2024ல நூத்துக்கு 40 ஆச்சு. அப்பாக்களோட மனசு ஆறு வருஷத்துல மாறிடுமா என்ன, கேக்கறதுக்கு இருந்த கூச்சம் தான் போயிருக்கு.

அப்போ அப்பா லீவு, சமத்துவம், க்ரெஷ் (குழந்தைக் காப்பகம்) எல்லாம் குடுத்தா குழந்தை பிறப்பு ஏறிடுமான்னு கேட்டா, அப்படி அடிச்சு சொல்ல முடியாது. ஸ்வீடன்ல 1974லயே அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் பொதுவா லீவு குடுத்துட்டாங்க, பின்லாந்துலயும் வசதிக்கு குறைச்சல் இல்ல, 2024ல பின்லாந்து 1.3க்கும் கீழ. அதனால வீட்டு வேலையைப் பகிர்ந்துக்கிட்டா பரிசா ரெண்டாவது குழந்தை கிடைக்கும்னு நான் உங்களுக்கு சொல்லல. பகிர்ந்துக்கறது அதுக்காக இல்லவே இல்ல, அது முதல் குழந்தைக்கே பாக்கி.

சரி, என்ன பண்ணலாம். என்கிட்ட வர்ற தம்பதிங்களை நான் ஆளுக்கொரு பேப்பர் எடுத்து, காலைல அஞ்சுல இருந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும், நேத்து என்ன பண்ணோம்னு தனித்தனியா எழுதச் சொல்வேன். ஒருத்தர், ஐடி கம்பெனில இருக்கறவர், ஏழு டு எட்டுக்கு நேரா "குழந்தையை ரெடி பண்றது, நாங்க"ன்னு எழுதினார். மனைவி பேப்பர்ல அதே நேரத்துக்கு பதினோரு வரி இருந்தது, குளிப்பாட்டறதுல ஆரம்பிச்சு, அதுல அவர் பேரு ஒரே ஒரு வரில, "ஷூ மாட்டி விடறது அவர்". அவர் பொய் சொல்லல, அவருக்கு நிஜமா அப்படித் தான் தோணியிருக்கு. நீங்களும் எழுதுங்க. எழுதும்போது கைல பண்ற வேலையை மட்டும் எழுதாதீங்க, ஞாபகம் வச்சுக்கற வேலையையும் எழுதணும், தடுப்பூசி எப்போ, ஃபீஸ் கடைசி தேதி எது, ஷூ சைஸ் பத்தலங்கறது. உங்க பையனோட க்ளாஸுக்கு வாட்ஸப் குரூப் இருக்கும்ல, அதுல நீங்க இருக்கீங்களா? நிறைய குரூப்புக்கு பேரே யூகேஜி மம்மீஸ் தான்.

ஆறரைக்கு நீங்க வீட்டுல இருக்க முடியாது, அது கம்பெனி நேரம், புரியுது. அப்போ காலைல அஞ்சரைல இருந்து பையன் ஸ்கூல் வேன் ஏறற வரைக்கும் முழுசா உங்களுது, கூடமாட உதவியா இல்ல, உங்களுது, டிபன்ல என்ன வைக்கறதுன்னு அவங்களைக் கேக்கக் கூடாது. எட்டு மணிக்கு வந்து ரெஸ்ட் எடுக்கறது அவங்க, பாத்திரமும் பையனைத் தூங்க வைக்கறதும் நீங்க. வார லீவுல ஒரு அரை நாள் அவங்க எங்க போறாங்கன்னு கேக்காதீங்க. கம்பெனில ரெண்டு விஷயம் விசாரிங்க. அம்பது பேருக்கு மேல வேலை செய்யற இடத்துல க்ரெஷ் இருக்கணும்னு சட்டமே சொல்லுது, உங்க கம்பெனில இருக்கா, அப்பா கொண்டு வர்ற குழந்தையைச் சேர்த்துப்பாங்களான்னு எச்.ஆர்.ல கேளுங்க. இவ்ளோ வருஷம் கேட்டிருக்க மாட்டீங்க, பொம்பளைங்க சமாச்சாரம்னு. அப்பாவுக்கு லீவு பாலிசி இருக்கா, இல்லன்னா சேர்த்து வச்ச லீவை மொத்தமா போட விடுவாங்களான்னும் கேளுங்க. சூப்பர்வைசர் நீங்களே கேக்கலன்னா உங்க லைன்ல இருக்கற ட்ரெய்னி பையன் நாளைக்கு எப்படிக் கேப்பான்?

இதை ஒரு ஆறு மாசம் பண்ணுங்க, அந்த ஆறு மாசமும் ரெண்டாவது குழந்தைப் பேச்சே வரக் கூடாது. இது முக்கியம், ஏன்னா இதையே ஒரு பேரமா பண்ணா ரெண்டு வாரத்துல அவங்களுக்குத் தெரிஞ்சுடும். வயசு 33 தான், முந்தின பிரசவம் சிசேரியன், அதனால வயசாகுது வயசாகுதுன்னு பயமுறுத்தாம, அவங்களுக்கா விருப்பம் வந்தா டாக்டரைப் போய் பார்க்கலாம், வயசு கூடக் கூட வாய்ப்பு குறையும்ங்கறது உண்மை, ஆறு மாசத்துல ஒண்ணும் ஓடிப் போகாது. பேச்சு வந்தா அப்போ ஆபரேஷன் யாருக்குங்கறதையும் நீங்களே எடுங்க, ஆம்பளைங்களுக்குப் பண்றது சின்ன வேலை, வயித்தைத் திறக்க வேண்டியதில்ல. அதுக்கப்புறமும் அவங்க வேண்டாம்னா வேண்டாம் தான். உடம்பு அவங்களோடது, ஒத்தைப் பிள்ளை உருப்படாதுங்கறதெல்லாம் வெறும் பேச்சு, நீங்க ஒரு குழந்தையோட நிறைவா வாழற குடும்பம், அவ்ளோ தான்.

உங்க அம்மா விஷயம். பெத்து எங்கிட்ட விட்டுடுங்கன்னு அவங்க சொல்றது பாசத்துல தான், ஆனா பாலூட்டற குழந்தையை ஊர்ல விட்டுட்டு கவுண்டர்ல உக்காரச் சொல்றது எந்த அம்மாவாலயும் முடியாது. அம்மாவால இங்க வந்து தங்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க, முடியாதுன்னா அதுக்கும் காரணம் இருக்கும், அவங்க வாழ்க்கை ஊர்ல இருக்கு. அடுத்த தடவை ஃபோன்ல அந்தக் கேள்வி வந்தா ஃபோனை மனைவி கைல குடுத்துட்டு நழுவாதீங்க. அம்மா, இது நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்றது, இனிமே அவகிட்ட கேக்காத, கேக்கணும்னா என்னைக் கேளுன்னு நீங்க சொல்லணும், அதுவும் மனைவி பக்கத்துல இருக்கும்போது. ஆறு மாசம் கழிச்சு முடிவு எதுவா இருந்தாலும் எனக்கு எழுதுங்க, அந்த ரெண்டு பேப்பரையும் சேர்த்து அனுப்புங்க, அவங்க எழுதினது அவங்க கையெழுத்துலயே இருக்கணும்.